ஜாஹிரா சொல்ல எழுதியது

சிங்கப்பூர், தஞ்சோங் பகார்
12-1-1936

தென்காசியிலிருக்கும் அன்புள்ள காக்கா ஒலி முகம்மது அவர்களுக்குத் தம்பி மசூது ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லை. உம்மாவின் கால்வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தடவுகிறார்களா?

நான் கப்பலேறி இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டன. துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை எண்ணும் வேலை நிரந்தரமாகிவிட்டது. பதினோரு பேரோடு படுத்துக் கிடந்த கொட்டகையை விட்டுவிட்டு, காப்பிக்கடை மாடியில் தனி அறை பிடித்திருக்கிறேன். ஒரு சன்னல் உண்டு. தண்ணீர்க் குழாய் கீழே இருக்கிறது. பாய், அடுப்பு, நாலு சட்டி, ஒரு திரைச்சீலை எல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. ஒற்றை ஆளுக்குத் திரைச்சீலை எதற்கு என்று காப்பிக்கடைச் சீனன்கூடக் கேட்டுச் சிரிக்கிறான்.

கடையநல்லூரிலிருந்து நாலு குடும்பம் பெண்களோடு வந்திருக்கிறது. பெண்கள் வீட்டுக்குள்ளேயே அம்மியில் மசாலா அரைத்துக் கொடுக்கிறார்கள். ஆண்கள் கூடையில் கொண்டு போய் விற்கிறார்கள். "ஏலே மசூது, ஒம் பொண்டாட்டிய எப்பம்லே கூட்டியாரப் போற? வருசம் பூரா கஞ்சிதான் குடிப்பியா?" என்று அந்த வீட்டுப் பெரியவர் தினமும் கேட்கிறார். பங்குனியில் அவருடைய மருமகள் குடும்பம் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறது. அவர்களோடு ஜாஹிராவை அனுப்பி வையுங்கள். அம்மைப்பால் மட்டும் முன்கூட்டிக் குத்தியிருக்க வேண்டும்.

இதை உம்மாவுக்கும் ஜாஹிராவுக்கும் வாசித்துக் காட்டவும். உம்மாவின் துஆவை வேண்டும்,
மசூது

—

தென்காசி
9-2-1936

தம்பி மசூதுக்குக் காக்கா துஆ ஸலாம். உன் கடிதம் வந்து, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். உம்மாவின் கால்வலி மழைக்காலத்தைவிடத் தேவலை. எழுந்து தொழுகிறார்கள். உன் பேரைச் சொல்லாமல் ஒரு வேளையும் சாப்பிடுவதில்லை.

வீட்டில் நாலு தறி இருந்தும் இரண்டுதான் ஓடுகிறது. நீ இருந்தால் நாலும் ஓடும். இதற்குமேல் அதைப்பற்றி எழுதவில்லை.

ஜாஹிரா விஷயமாக எழுதியிருந்தாய். கேட்டுப் பார்த்தேன். "கடலை நெனைச்சாலே எனக்குக் குலை நடுங்குது பெரிய மச்சான், நான் வரலைன்னு எழுதிருங்க" என்றுவிட்டாள். அறியாத பெண், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கடையநல்லூர்க்காரர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போனார்கள். பெண்டு பிள்ளைகள் இங்கே இல்லாதபோது அவர்கள் எதற்காக இனி ஊர் திரும்பப் போகிறார்கள்? அந்தத் தெருப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு ஒரு சஃப்பு, ஒரே ஒரு வரிசைகூட நிறைய மாட்டேன் என்கிறது.

இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு நீயே வந்துவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.
ஒலி முகம்மது

—

சிங்கப்பூர்
1-3-1936

என் மனைவி ஜாஹிரா பீவிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இதைக் காக்கா வாசித்துக் காட்டுவார்கள். உம்மாவுக்கும் காக்காவுக்கும் என் ஸலாம். நீ நலந்தானே?

கடலுக்குப் பயப்படுகிறாய் என்று காக்கா எழுதியிருந்தார்கள். முதல் மூன்று நாள் தலை சுற்றும், வாந்தி வரும், பிறகு ஒன்றும் இருக்காது. நானும் மூன்று நாள் சுருண்டு கிடந்தவன்தான். கரையிறங்கியதும் ஒரு தீவில் சில நாள் வைத்து, அம்மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெண்களுக்குத் தனியிடம் உண்டு.

இந்த ஊரில் பருவம் என்பது கிடையாது. தினமும் மழை, தினமும் வெயில். சோற்றில் ஒரு வாடை இருக்கும், பத்து நாளில் பழகிவிடும். தெருவில் சீனப் பாஷை, மலாய்ப் பாஷை, நம் பாஷை எல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் தென்காசி, கடையநல்லூர் என்பதால் உனக்குப் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. உனக்கென்று ஒரு அம்மிக்கல் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் நாலு நாளில் வருகிறது. இது எனக்கு இங்கே மூன்றாவது பெருநாள். புதுக் கைலி கட்டிக்கொண்டு, காட்ட ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பேன். இன்னும் எழுதத் தோன்றுகிறது, ஆனால் சபையில் வாசிக்கிற கடிதத்தில் எவ்வளவு எழுதுவது.

நீ என்ன நினைக்கிறாய் என்று உன் வாயால் காக்காவிடம் சொல். எழுதுவார்கள்.
மசூது

—

தென்காசி
25-3-1936

கண்ணியமிக்க கணவர் மசூது அவர்களுக்கு அடியாள் ஜாஹிரா பீவி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. தாங்கள் அவ்விடம் நலமாயிருக்க இரவும் பகலும் துஆச் செய்கிறேன். மாமி நலம்.

தாங்கள் எழுதியதெல்லாம் கேட்டுக்கொண்டேன். பெற்ற தாயைவிட மேலாக என்னை வைத்திருக்கும் மாமியை இந்த வயதில் தனியே விட்டுவிட்டு வர என் மனம் இடந்தரவில்லை. காபிர்கள் நடுவில் மாடியறையில் வாழ எனக்குப் பிரியமில்லை. இனிமேல் இதுபற்றி எழுதி என்னை வருத்த வேண்டாம். அப்படியும் வற்புறுத்துவதாயிருந்தால் தாங்கள் என்னை விட்டுவிடுங்கள். நான் மாமியின் காலடியிலேயே இருந்து கொள்கிறேன். தாங்கள் ஊர் திரும்பினால் அதுவே எனக்குப் பெருநாள்.

இங்ஙனம்
ஜாஹிரா பீவி சொல்ல, ஒலி முகம்மது எழுதியது

—

சிங்கப்பூர்
18-4-1936

காக்கா அவர்களுக்கு ஸலாம். உம்மாவுக்கு ஸலாம். நான் சுகம்.

ஜாஹிராவின் கடிதத்தை எத்தனை முறை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. 'விட்டுவிடுங்கள்' என்று ஒரு பெண் கூசாமல் வாய்விட்டுச் சொல்லி, அதை என் காக்காவே கையால் எழுதும்படி ஆகிவிட்டது. நான் ஊர் திரும்புவதாக இல்லை. தறியில் குனிந்து நெஞ்சு வற்றிச் செத்துப்போன வாப்பாவைப் பார்த்தவன் நான். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை எனக்காகக் காத்துக் கிடக்கச் சொல்வதும் பாவம்.

நேற்று வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தபின் காஜியார் முன்னிலையில், இரண்டு சாட்சி வைத்து, ஒரு தலாக் சொல்லிவிட்டேன். மூன்று சொல்லவில்லை. கோபம் இருந்தது, ஆனாலும் நாக்கு ஒன்றோடு நின்றுவிட்டது. இத்தா, அதாவது மாதத் தீட்டு மூன்று முறை வந்து போகிற காலம், முடிவதற்குள் அவள் மனம் மாறி ஒரு வரி சொல்லியனுப்பினால் அவளை மீட்டுக்கொள்ளலாம் என்று காஜியார் சொன்னார். அதையும் அவளுக்கு வாசியுங்கள். தலாக் எழுதிய தாளை இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

காக்கா, தயவு செய்து பதில் எழுதத் தாமதிக்க வேண்டாம்.
மசூது

—

குற்றாலம்
5-7-1936

மச்சானுக்கு ஜாஹிரா எழுதுவது. ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகமா என்று கேட்க மனமில்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள்.

எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. வாப்பா ஓதப் போட்டதில் அரபு எழுத்து வரும், ஆகவே அந்த எழுத்தில் நம் பேச்சை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்ளுங்கள். பெண்டாட்டி புருஷனுக்குத் தனியாகக் கடிதம் எழுதினாள் என்று தெரிந்தால் தெருவே காறித் துப்பும். துப்பட்டும். உங்கள் பழைய உறையின் பின்னால் இருந்த இங்கிலீஷ் எழுத்தை, சேலைக்கரையில் பூப்போடுவது மாதிரி ஒவ்வொரு கோடாகப் பார்த்து வரைந்திருக்கிறேன். வந்து சேர்ந்தால் அல்லாஹ்வின் வேலை.

மாமியை அருவியில் குளிக்கவைக்க வந்து மூன்று நாளாகிறது. தண்ணீர் நல்ல வரத்து. மாமிக்குக் கால் தேவலை. அங்கே பெண்கள் துறையில் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறாளாம். "ஒம் மாப்பிள்ள தஞ்சோங் பகார்லதான ஏட்டி இருக்காக? எங்க மாமனாரு வீட்டுக்குப் பக்கத்து வீடாம்லா. தனி ரூம் போட்டு, திரையெல்லாம் தொங்கவிட்டு வச்சிருக்காகளாம். நீ ஏன் போகல?" என்று ஈரத்தலையோடு நின்று கேட்டாள். எனக்கு அருவி இரைச்சல்கூடக் காதில் விழவில்லை.

தனி ரூம் இருக்கிறதா உங்களுக்கு? பெரிய மச்சான் தையில் வாசித்த கடிதத்தில், ஒரே கொட்டகையில் பதினோரு ஆண்கள், பெண்கள் வர வகையில்லை என்று இருந்தது. மாசியில் வந்ததிலும் 'இப்போது வராதே, உம்மாவைப் பார்த்துக்கொள்' என்று இருந்தது. அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதமே வரவில்லை என்கிறார். நான் கப்பலேற மாட்டேன் என்று அழுதவளா, கடலுக்குப் பயந்தவளா? தை மாதமே ஊசிக்காரர் தெருவுக்கு வந்தபோது முதல் ஆளாய்க் கையை நீட்டி அம்மை குத்திக்கொண்டேன். தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஆறு மாதமாக நூல் சுற்றுகிறேன்.

அங்கே வேறொருத்தி இருந்தால் இருக்கிறாள் என்று ஆண்பிள்ளையாக எழுதுங்கள். இல்லையென்றால் ஏன் வராதே என்கிறீர்கள் என்று எழுதுங்கள். வீட்டுக்கு எழுத வேண்டாம். சுரண்டையில் என் கூடப்பிறந்த லாத்தா ஹைருன் பீவி பேருக்கு, இதே எழுத்தில் எழுதுங்கள். தபால் பெட்டிக்குப் பக்கத்தில் பழம் விற்கும் பேச்சித்தாய் தபால்தலை வாங்கி ஒட்டித் தந்தாள். மாமி அருவியிலிருந்து வருவதற்குள் போட வேண்டும்.
ஜாஹிரா

—

சிங்கப்பூர்
20-7-1936

ஜாஹிரா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இல்லை.

உன் கடிதம் நேற்று வந்தது. வாசிக்க ஒரு மணி நேரமாயிற்று, இந்த எழுத்தில் எழுதிப் பதினைந்து வருஷமாகிறது. பிழையைப் பொறுத்துக்கொள். வேறொருத்தி இல்லை. அந்த அறை உனக்காகப் பிடித்தது. தையில் நான் எழுதியது வா என்றுதான். மாசியில் எழுதியதும் வா என்றுதான். நீ வரமாட்டேன் என்று சொன்னதாக இரண்டு கடிதம் என்னிடம் இருக்கிறது. முதலாவதில், கடலை நினைத்தாலே உனக்குக் குலை நடுங்குகிறது என்று இருந்தது. இரண்டாவது உன் பேரிலேயே வந்தது. கடைசி வரியில், ஜாஹிரா சொல்ல எழுதியது என்று காக்காவின் கையெழுத்தில் இருக்கிறது. அதில் 'என்னை விட்டுவிடுங்கள்' என்று இருந்தது.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியாது. நான் விட்டுவிட்டேன் ஜாஹிரா. சித்திரையில், ஏப்ரல் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சாட்சி வைத்து ஒரு தலாக் சொல்லிவிட்டேன். மறுநாளே வீட்டுக்கு எழுதினேன். பதில் வராததால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உனக்குத் தெரியவே தெரியாது என்பது நேற்றுத்தான் எனக்குப் புரிந்தது.

நேற்று அஸருக்கே காஜியார் வீட்டுக்கு ஓடினேன். அதே சாட்சிகளைக் கூட்டிவந்து, உன்னை மீட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். அது செல்லுமா என்று கேட்டேன். தொண்ணூற்று மூன்று நாள் ஆகிவிட்டது, மூன்றாவது தீட்டு முடிவதற்கு முன்னே சொல்லியிருந்தால் செல்லும், முடிந்த பிறகு சொல்லியிருந்தால் செல்லாது என்றார். அதை யார் முடிவு செய்வது என்று கேட்டேன். "அத நானும் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. அந்தப் பொம்பளப் புள்ள என்ன சொல்லுதோ அதான்" என்றார்.

நீ சொல். முடியவில்லை என்று சொல். உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள். நீ சொல்கிற வரையில் எனக்கு அன்னம் இறங்காது.

மசூது

—

சிங்கப்பூர்
20-7-1936

காக்கா,

ஸலாம். உம்மாவின் நலத்தை எழுதவும்.

ஜாஹிரா என்ன சொல்ல, நீங்கள் என்ன எழுதினீர்கள்? நான் சித்திரையில் எழுதிய கடிதம் எங்கே?
மசூது

—

தென்காசி
23-8-1936

தம்பி மசூதுக்குக் காக்கா எழுதுவது. உம்மா நலமாக இருக்கிறார்கள். நான் நலமில்லை, அதை நீ கேட்கவும் இல்லை.

எழுதியது நான்தான். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்று உம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, "அவ இங்கன இருந்தாத்தாம்லே அவன் வருவான். அவளையும் அனுப்பிட்டா எம் புள்ள எம் மையத்த அடக்கக்கூட வரமாட்டான்" என்றார்கள். எனக்கும் அதுதான் பயம். நீ திரும்ப வேண்டும் என்றுதான் எழுதினேன். 'விட்டுவிடுங்கள்' என்றது உன்னைப் பயமுறுத்த. அந்தச் சொல்லைக் கேட்டால் அலறிக்கொண்டு அடுத்த கப்பலில் வருவாய் என்று நினைத்தேன். நீ இப்படிச் செய்வாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

சித்திரைக் கடிதத்தை நான் மட்டும் வாசித்தேன். அதை யாரிடம் வாசித்துக் காட்டுவேன்? தறிக்குழியில், மிதிபலகைக்கு அடியில் வைத்து மூடிவிட்டேன். ஜாஹிரா தினமும் வந்து, "அங்கேருந்து காகிதம் வந்துதா பெரிய மச்சான்" என்று கேட்பாள். நான் கடிதத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு இல்லையம்மா என்று சொல்வேன். நாலு மாதம் அப்படிச் சொன்னேன்.

லாத்தாவைப் பார்க்கச் சுரண்டைக்குப் போயிருந்தவளைப் போன வாரம் லாத்தாவும் லாத்தா மாப்பிள்ளையும் வண்டி கட்டிக் கூட்டி வந்தார்கள். ஜாஹிரா நேரே தறிக்கு முன்னால் வந்து நின்றாள். "அந்தக் கடிதத்த எடுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. எடுத்துக் கொடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் அன்றுதான் என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். உம்மாவுக்கு ஸலாம் சொன்னாள், உம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கையை விடுவித்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

என்னை நீ மன்னிக்க வேண்டாம். அவளிடம் எனக்காக ஒரு வார்த்தை கேள்.
ஒலி முகம்மது

—

நாகப்பட்டினம்
11-9-1936

சிங்கப்பூரிலிருக்கும் மசூது அவர்களுக்கு ஜாஹிரா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை லாத்தா வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் இரண்டு நாள் அழுதேன். உங்கள் காக்கா எனக்காகப் பேசினார். அதைக் கேட்டு நீங்கள் என்னை விட்டீர்கள். பிறகு நீங்களே என்னை எடுத்துக்கொண்டீர்கள். நாலு மாதம் நான் உங்கள் பெண்டாட்டியா இல்லையா என்பது கடல் தாண்டி இருக்கிற காஜியாருக்குத் தெரியும், இரண்டு சாட்சிக்குத் தெரியும், தறிக்குழிக்குத் தெரியும். சம்பந்தப்பட்டவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். காக்காவைக் கோபிப்பீர்கள், நியாயந்தான். வரமாட்டேன் என்று அவர் எழுதினால் எழுதட்டும், 'அவளா அப்படிச் சொல்வாள்' என்று உங்களுக்கு ஒரு தடவை தோன்றவில்லையே. எனக்கு அதுதான் ஆறவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். மூன்றாவதும் முடிந்துவிட்டது. நீங்கள் அஸருக்கு ஓடுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. தேதி சொல்ல மாட்டேன். "நெசமாவே முடிஞ்சுதாட்டி?" என்று லாத்தா மூன்று முறை கேட்டாள். அவளுக்கும் இதற்குமேல் சொல்லவில்லை. என் சொல் போதும் என்றாராம் காஜியார், அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஆகவே நான் உங்கள் மனைவி இல்லை. உங்கள் அறைக்கு நான் வருவதற்கும் இல்லை.

லாத்தாவும் லாத்தா மாப்பிள்ளையும் சுரண்டை வீட்டை ஒழித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் மசாலா அரைக்கிற கடையநல்லூர்க்காரர் வீட்டில் எங்கள் மூவருக்கும் இடம் சொல்லியாகிவிட்டது. நாளைக்குக் கப்பல். எனக்குக் குலை நடுங்கவில்லை. நேற்றுக் கடலைப் போய்ப் பார்த்தேன், நிறையத் தண்ணீர், அவ்வளவுதான்.

தீவில் எங்களை வைத்திருந்து விட்டதும் துறைமுகத்தில் இறங்குவோம். வருவதானால் பெண் கேட்க வருகிறவராக வாருங்கள். சாட்சி இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள், எனக்குத் தர வேண்டிய மஹரைப் பற்றி யோசித்துக்கொண்டு வாருங்கள். வாப்பா இல்லாததால் லாத்தா மாப்பிள்ளையிடம் கேளுங்கள், அவர் என்னிடம் கேட்பார். சம்மதமா இல்லையா என்பதை அங்கே வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி, என் வாயால் சொல்வேன். இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

வஸ்ஸலாம்.
மர்ஹூம் காதர் மைதீன் மகள்
ஜாஹிரா பீவி